பாப்பாரப்பட்டி உபாத்தியாயர்

தர்மபுரிக்குத் தகடூர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. அதியமான் ஆண்ட ஊர் அது. அதியமான் யுத்தம் செய்தான். ஔவையார் பாடம் சொன்னார். வாளுக்கு ஒருவர், வாக்குக்கு ஒருவர் என்று அந்தக் காலத்தில் வேலையைப் பங்கிட்டுக் கொண்டிருந்தார்கள். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை வீரன் தான் தின்னாமல் ஆசானுக்குக் கொடுத்தான் என்ற கதையை நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

அதே தகடூர்ச் சீமையில், தர்மபுரிக்கு மேற்கே, பென்னாகரம் பக்கத்தில், பாப்பாரப்பட்டி என்ற ஒரு சிற்றூர் இருக்கிறது. வீரரும் ஆசானும் ஒரே சரீரத்தில் வந்து குடியிருந்த ஊர் அது. சரீரம் என்று சொல்லும்போதே நமக்குச் சிறிது தயக்கம் உண்டாகிறது. ஏனென்றால், அந்தச் சரீரம் முழுதும் புண். நெல்லிக்கனி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

சுப்பிரமணிய சிவாவைப் பற்றித்தான் சொல்லுகிறோம்.

தர்மபுரி ஜில்லாவிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். "எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் நிறைய உண்டு. யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித் தாங்கள் எழுதக் கூடாதா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் அன்பருக்கு நம் பதில் இது: உங்கள் ஜில்லாவின் முதல் யுத்த வீரரும் முதல் உபாத்தியாயரும் பாப்பாரப்பட்டியிலேயே இருக்கிறார். அவர் போன யுத்தத்தில் துப்பாக்கி இல்லை. குறைந்த பட்சம், நம் பக்கத்தில் இல்லை. அவர் பள்ளிக்கூடத்தில் பெஞ்சியும் இல்லை, கரும்பலகையும் இல்லை. மற்றபடி காயம், ஊனம், கைவிடப்படுதல் முதலிய யுத்த வீரர்களின் பாத்தியதைகள் எல்லாம் அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்தன.

1884-ஆம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர். தமிழ் நாவல் படிக்கிறவர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் ஊரும் அதுவே. சிவாவின் வீட்டில் படிப்புக்கு மரியாதை இருந்தது, பணம் இல்லை. அன்ன சத்திரத்தில் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காகத் திருவனந்தபுரம் போய்ப் படித்த பிள்ளை அவர். அந்தத் திருவனந்தபுரத்திலேதான் முதன் முதலாக உபாத்தியாயர் வேலையும் ஆரம்பமாயிற்று. 1906-ல் வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு தர்ம பரிபாலன சமாஜம் என்று ஒன்றை ஸ்தாபித்தார். தேசம் என்றால் என்ன, அதற்கு நாம் எந்த முறையில் கடமைப்பட்டவர்கள் என்பதே பாடம். மறு வருஷமே சமஸ்தானத்தார் அவரை எல்லைக்கு வெளியே அனுப்பி விட்டார்கள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட நல்ல யோக்கியதா பத்திரம் வேண்டியதில்லை என்பது நம் அபிப்பிராயம். மாணவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றால், ராஜாங்கத்தார் எதற்காகச் சிரமப்பட வேண்டும்?

அங்கிருந்து நடந்தார். ஊர் ஊராகப் பேசிக்கொண்டே நடந்து, 1908-ன் ஆரம்பத்தில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். அங்கே வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளையவர்களின் வீட்டிலேயே சிவாவுக்கு ஜாகை. கடற்கரை மணலில் தினந்தோறும் மாலை வேளையில் வகுப்பு. அப்போது சிவாவுக்கு வயது இருபத்து மூன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளிகள் நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டு வீட்டுக்குப் போனவர்கள் மறந்தும் விடவில்லை. பிப்ரவரி 27-ந் தேதி வெள்ளைக்காரருக்குச் சொந்தமான கோரல் ஆலையில் வேலை நிறுத்தம் தொடங்கிற்று. மார்ச்சு முதல் வாரம் கழிவதற்குள் முதலாளிகள் இறங்கி வந்து கூலியை உயர்த்தினார்கள். இந்தியத் தொழிலாளர் சரித்திரத்தில் அந்த நாட்களுக்கு ஒரு தனி இடம் உண்டு. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பிள்ளையவர்களைச் சொல்லுகிறார்கள், அது சரியே. பக்கத்தில் நின்று, தொண்டை கட்டுகிற வரையில் பாடம் நடத்திய வாலிபரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மார்ச்சு 12-ந் தேதி இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலை மாதம் தீர்ப்பு வந்தது. நீதிபதி பின்ஹே துரை, பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்து வருஷ தீபாந்தர சிட்சையும் விதித்தார். சிவா, பிள்ளையின் கையிலிருந்த வெறும் கோல் என்ற கருத்துப்படத் தீர்ப்பில் எழுதினார். துரைக்கு நம் நாட்டு வழக்கம் தெரியாது. கோல் என்பது நம் ஊரில் சாமான்யப் பொருள் அல்ல. ராஜா கையில் இருந்தால் செங்கோல். உபாத்தியாயர் கையில் இருந்தால் அதற்கு வேறு மகிமை. அப்பீலில் இருவருக்கும் ஆறு ஆறு வருஷமாகக் குறைந்தது.

சிறையில் என்ன நடந்தது என்பதைச் சிலர் வெகு விஸ்தாரமாக எழுதுவார்கள். நாம் சுருக்கமாகவே சொல்லுகிறோம். குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை இது. ஆட்டு ரோமத்தைச் சுண்ணாம்பு சேர்த்துச் சுத்தம் செய்கிற வேலையைச் சிவாவுக்குக் கொடுத்தார்கள். பிள்ளையவர்கள் கோயமுத்தூரில் செக்கிழுத்தார் என்பதைக் குழந்தைகளும் அறியும்; இந்த ரோமம் அவ்வளவு பிரசித்தி பெறவில்லை. 1912-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி வெளியே வந்தபோது, உள்ளே போன மனிதர் வரவில்லை. குஷ்ட நோய் பற்றியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சிறைச் சாலைதான் அவருக்கு நோயைக் கொடுத்தது என்று அன்று முதல் இன்று வரை சொல்லி வருகிறோம். வைத்திய சாஸ்திரத்தை அறிந்தவர்கள், அந்த நோய்க்கிருமி சரீரத்தில் புகுந்து வெளியே தெரிவதற்குச் சராசரி ஐந்து வருஷம் பிடிக்கும், சில சமயம் இருபது வருஷம்கூட ஆகும் என்கிறார்கள். எனவே எந்த நாளில் எந்த இடத்தில் தொற்றியது என்று பிரமாணம் செய்ய முடியாது. ஆனால் இருபத்து மூன்று வயதில் போன ஒரு திடகாத்திரமான வாலிபரை நாலரை வருஷம் அரைப் பட்டினி போட்டு, கடும் வேலை வாங்கி, நோய்க்கு எதிர்த்து நிற்கும் சக்தியைப் பிடுங்கிக்கொண்டது யார் என்பதற்குப் பிரமாணம் தேட வேண்டியதில்லை.

வெளியே வந்தவர் மறுபடி பள்ளிக்கூடம் திறந்தார். இந்தத் தடவை காகிதத்தில். 1913-ல் 'ஞானபானு' என்ற மாதப் பத்திரிகை வெளிவந்தது. புதுச்சேரியில் ஒதுங்கியிருந்த பாரதியார் அதில் எழுதினார், வ.உ.சி. எழுதினார். 1915-ல் அதிலே ஒரு வேடிக்கையான விளம்பரம் வந்தது. வடசொற் கலப்பில்லாத தனித்தமிழில் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஐந்து ரூபாய் பரிசு! மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது 1916-ல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், பரிசு வைத்த ஆசிரியரின் சொந்த நடையில் வரிக்கு நாலு ஸம்ஸ்கிருதப் பதம் இருக்கும். பத்திரிகையின் பெயரிலேயே இரண்டு. தமக்கு வராத பாடத்தை மாணவர்களாவது கற்றுக்கொள்ளட்டும் என்று நினைக்கிற உபாத்தியாயர்கள் உலகத்தில் அபூர்வம். நாமும் தனித்தமிழில் எழுதக்கூடிய யோக்கியதை இல்லாதவர்கள் ஆகையால், அந்த ஐந்து ரூபாய் விஷயத்தில் சிவாவிடம் நமக்கு விசேஷ மரியாதை.

பத்திரிகை நின்றது. வேறு பத்திரிகை நடத்தினார், அதுவும் நின்றது. நாடகம் எழுதினார், தாமே வேஷம் கட்டினார். பிரசங்கம் செய்தார். அவர் சாந்தமான மனிதர் என்று நாம் சொல்ல மாட்டோம். கோபக்காரர், பிடிவாதக்காரர், கூட இருந்தவர்களுக்குச் சுலபமான மனிதராக இருந்திருக்க முடியாது. உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறவரிடம் சாந்தத்தை எதிர்பார்க்கிறவர்கள் முதலில் ஒரு நாள் பல்வலி அனுபவித்துப் பார்க்கட்டும். 1921-ல் காவி உடுத்து, சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்த வருஷமே மறுபடியும் தண்டனை: இரண்டரை வருஷம். விரல்கள் உணர்வற்றுப் போன ஒரு குஷ்ட ரோகியிடம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் எவ்வளவு பயந்திருக்கிறது! நோய் முற்றவே காலம் முடிவதற்கு முன்பு விட்டுவிட்டார்கள்.

இனி ரெயில் விஷயம். இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு மனம் பொறுப்பதில்லை.

அக்காலத்து ரெயில்வே விதிகளின்படி, தொற்று நோய் உள்ளவர்களை வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. சிவாவையும் அப்படித் தடுத்தார்கள். ஆகையால் அவர் தமிழ்நாட்டை நடந்து சுற்றினார். முடியாதபோது கட்டை வண்டியில் போனார். நன்றாக இருக்கிற கால்களுக்கே நம் பக்கத்துச் சாலைகள் சினேகிதம் இல்லை. அவருடைய கால்களோ துணி சுற்றிய புண்கள். ரெயிலில் இடம் கொடுக்காதது வெள்ளைக்காரச் சர்க்கார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறோம். திண்ணையில் இடம் கொடுக்காதவர்கள் எந்தச் சர்க்கார்? அவர் பேச்சைக் கேட்டுக் கை தட்டியவர்களில் எத்தனை பேர், பேச்சு முடிந்த பிறகு அவருக்கு ஒரு வாய் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? நாம் மற்றவர்களைச் சொல்லவில்லை. அன்று நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்டுக்கொண்டு பார்த்தோம். திருப்தியான பதில் வரவில்லை.

அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு நீரடிமுத்து எண்ணெயைத் தவிர வேறு மருந்து இல்லை. அதனால் பெரும் பலனும் இல்லை. கிருமியை 1873-ல் நார்வே தேசத்து ஹான்ஸன் கண்டுபிடித்துவிட்டார். கொல்லும் வழி 1940-களில்தான் கிடைத்தது. 1981 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூட்டு மருந்து கொடுக்கச் சொல்லுகிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் தீர்ந்துபோகிற வியாதி அது. தீராமல் நீண்டது சட்டப் புத்தகத்தில் இருந்த நோய்தான். குஷ்ட ரோகிகளை அடைத்து வைப்பதற்காக 1898-ல் செய்த சட்டம் 2016-ல்தான் ரத்தாயிற்று. குஷ்ட நோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி 2019-ல் போயிற்று. சுதந்திரம் வந்து எழுபது வருஷம் கழித்து!

ஊரெல்லாம் கதவைச் சாத்தியபோது திறந்த கதவு பாப்பாரப்பட்டியில் இருந்தது. அங்கே சின்னமுத்து முதலியார் என்ற தேசபக்தர் சிவாவுக்கு நண்பர். அவர் துணையோடு ஊருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி, பாரதபுரம் என்று பெயரிட்டு, அதிலே பாரத ஆசிரமம் ஏற்படுத்தினார். அப்போது தர்மபுரி தனி ஜில்லா அல்ல. சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. தனி ஜில்லாவானது 1965-ல். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற, மழையை நம்பிய பூமி. பட்டணத்துப் பிரமுகர்கள் தற்செயலாகக்கூட வந்து சேரக்கூடிய இடம் அல்ல. அப்படிப்பட்ட இடத்திலே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும், அதிலே எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் வந்து வணங்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 1923-ஆம் வருஷம் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அஸ்திவாரக் கல் நாட்டினார். வங்காளத்துச் சிங்கம் பாப்பாரப்பட்டிக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

காசியிலே ஒரு பாரத மாதா கோயில் இருக்கிறது. சலவைக் கல்லில் தேசப் படத்தையே மேடு பள்ளங்களோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1936-ல் மகாத்மா காந்தி அதைத் திறந்து வைத்தார். பாப்பாரப்பட்டிக் கல் அதற்குப் பதின்மூன்று வருஷம் முந்தியது. காசிக்கோ சிவப் பிரசாத குப்தர் என்ற தனவந்தர் இருந்தார். பாப்பாரப்பட்டிக்கு ஒரு சிவா மட்டுமே இருந்தார். அவர் ஊர் ஊராக நாடகம் போட்டும், பேசியும், கையேந்தியும் கோயிலுக்குப் பணம் சேர்த்தார். கொடுப்பதற்கு மனமுள்ளவர்களும் நாணயத்தைத் தூர நின்று போட வேண்டிய நிலை அவருடைய கைகளுக்கு.

கோயில் எழும்பவில்லை. 1925-ஆம் வருஷத்துக் கோடைகாலம் தேசபக்தர்களுக்குப் பொல்லாத காலமாக வந்தது. ஜூன் ஆரம்பத்தில், சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திக்கொண்டிருந்த வ.வே.சு. ஐயர், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய்த் தாமும் மாண்டார். ஜூன் 16-ந் தேதி டார்ஜிலிங்கில் சித்தரஞ்சன் தாஸ் மறைந்தார். கல் நாட்டிய கை போயிற்று. சிவா அப்போது தென் ஜில்லாக்களில் இருந்தார். முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு, மதுரையிலிருந்து பாப்பாரப்பட்டிக்குப் புறப்பட்டார். ஜூலை 23-ந் தேதி, தம் ஆசிரமத்தில் கண்ணை மூடினார். நாற்பத்தோரு வயது நிரம்பவில்லை.

நாற்பது வயது! அவருடைய படத்தைப் பார்க்கிறவர்கள் அறுபது என்பார்கள்.

அப்புறம் நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1961-ல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் டி. கே. ஷண்முகம் சிவாவாக நடித்தார். அதைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறை ஒன்று உண்டு. பாப்பாரப்பட்டியில் மணி மண்டபம் எழுந்தது. அவர் கேட்ட கோயில் மட்டும் பாக்கியாகவே இருந்தது. குமரி அனந்தன் அதற்காக வருஷக் கணக்கில் குரல் கொடுத்தார். சிவாவைப் போலவே நடந்தும் பார்த்தார். கடைசியில் ராஜ்ய சர்க்காரார் பாரத மாதா நினைவாலயம் கட்டி, 2021-ல் திறந்தார்கள். கல் நாட்டிய வருஷத்துக்கும் கதவு திறந்த வருஷத்துக்கும் இடையே தொண்ணூற்றெட்டு வருஷம். அது கோயிலா, நினைவாலயமா, பூஜை உண்டா, பூட்டு எதற்கு என்றெல்லாம் பிற்பாடு சச்சரவு எழுந்தது. அதிலே பிரவேசிக்க நமக்கு விருப்பம் இல்லை. எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வர வேண்டும் என்பது சிவாவின் எண்ணம். உள்ளே வருகிறவர்களில் ஒரு குஷ்ட ரோகிக்கும் இடம் உண்டா என்று மட்டும் நாம் கேட்போம். அது தெரிந்தால் மற்றச் சச்சரவுகளைப் பெரியவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

நமக்கு எழுதிய அன்பர் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களைப் பற்றிக் கேட்டார் அல்லவா? அவர்களைச் சேர்ந்த ஒரு விஷயம் நம் மனத்தில் ஓடுகிறது. பட்டாளத்திலிருந்து திரும்புகிறவருக்கு ரெயில் பிரயாணத்துக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வந்து சேருகிறார். சிவாவின் நாளில் தர்மபுரிக்கும் ரெயில் இருந்தது. மொரப்பூரிலிருந்து 1906-ல் போட்ட சின்ன ரெயில். பிறகு ஓசூர் வரையில் நீட்டினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் சிவா பாப்பாரப்பட்டிக்குப் போகவும் வரவுமாக இருந்தார். சின்ன வண்டி புகை விட்டுக்கொண்டு தம்மைக் கடந்து போவதைக் கட்டை வண்டியில் இருந்தபடி அவர் பார்த்திருக்கக் கூடும்.

இப்போது பாப்பாரப்பட்டிக்குத் தர்மபுரியிலிருந்து பஸ் போகிறது. ஜூலை 23-ந் தேதி அந்தப் பக்கம் போகிற நேயர்கள் இறங்கிப் பார்க்கலாம். குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். வழியில் அதியமான் கதையைச் சொன்னால் நேரம் போவது தெரியாது.